மோதியவர் இருவர், குற்றம் எவருடையது?

கலவையிலோ ஆம்பூரிலோ ஒரு பள்ளித் திடலில் கூடைப்பந்து ஆட்டம் நடைபெறுகின்றது எனக் கொள்வோம். பந்தைத் தட்டிக்கொண்டு விரைந்து வரும் மாணவன், எதிரே நிற்பவன் மார்பில் மோதுகின்றான். இருவரும் வீழ்கின்றனர். வழிமறித்தவனே குற்றவாளி என்று சுற்றி நிற்போர் கூவுகின்றனர். நடுவர் யாது செய்தல் வேண்டும்? விடை காண, இவ்வாட்டம் பிறந்த காலத்துக்குச் செல்வோம்.

1891-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இவ்வாட்டத்தை வகுத்தார். அவர் எழுதிய விதிகள் 13. தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், இடறுதல், அடித்தல் ஆகியவற்றை ஐந்தாம் விதி விலக்கியது. தாக்குவோன், காப்போன் என்னும் வேறுபாட்டை அது காட்டவில்லை. பந்துடன் ஓடுதலும் அன்று கூடாது. பின்னர்ப் பந்தைத் தட்டிச் செல்லும் முறை வளர்ந்தது; மோதல் பற்றிய வழக்குகளும் உடன் வளர்ந்தன.

அவ்விதிகளில் மற்றொரு நுட்பமும் உண்டு. நடுவர் இருவரில் ஒருவர் பந்தைக் கவனித்தார். மற்றவர் ஆட்டக்காரரைக் கவனித்துக் குற்றங்களைக் குறித்தார்.

ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அங்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் பலர் ஆட்டங்களையும் விதிகளையும் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றனர்.

இன்றைய உலக விதியும் அப்பழைய நெறியின் வளர்ச்சியே. காப்போன் எதிரியை நோக்கி, இரு கால்களையும் தரையில் ஊன்றி, முன்னரே இடம் பெற்றிருத்தல் வேண்டும். அதன்பின் அவன் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நகரலாம். அந்நிலையில் அவன் மார்பில் மோதினால், குற்றம் பந்துடையோனைச் சாரும். பந்தும் எதிரணிக்குச் செல்லும். பந்துடையோன் மேலெழும்பிய பின்னர் அவன் பாதையிற் புகுந்தால், குற்றம் காப்போனுடையது. கூடையின் அடியில் மட்டும், 2010 முதல், 1.25 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம் ஒரு விலக்காக உள்ளது. பந்துடன் எழும்பி வருவோன் அதனுள் நிற்பவன்மீது மோதினால், பொதுவாக அது தாக்குவோன் குற்றமாகாது.

ஆகவே பந்தை மட்டும் தொடரும் கண், வீழ்ச்சியைத்தான் காணும். காப்போனை முன்கூட்டியே நோக்கிய கண்ணே, எவன் முதலில் இடம் பெற்றான் என்று அறியும். அஞ்சாது நேர்மையாக நின்ற மாணவனைக் கூட்டத்தின் கூச்சலுக்காகத் தண்டித்தால், மறுமுறை அவன் நிற்க மாட்டான். நாளை ஊதலைக் கையில் ஏந்தப்போகும் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்க.