இல்லாத பழுதின் தொலைவு

2012 ஜூலை 30, அதிகாலை 2.33 மணி. மத்தியப் பிரதேசத்தில் பீனாவையும் குவாலியரையும் இணைக்கும் 400 கிலோவோல்ட் மின்தடம் தானாகத் துண்டித்துக்கொண்டது. அடுத்தடுத்துப் பிற தடங்களும் விழ, வடமண்டல மின்தொகுப்பு சரிந்தது. ஏறத்தாழ 36,000 மெகாவாட் சுமை இருளில் மூழ்கியது. மறுநாள் பிற்பகல் ஒரு மணியளவில் அதே தடம் மீண்டும் துண்டிக்கப்பட்டது. இம்முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலங்களும் வீழ்ந்தன. இழப்பு ஏறத்தாழ 48,000 மெகாவாட். சுமார் 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. (தென்மண்டலம் தப்பியதற்குக் காரணம் திறமை அன்று; அது ஒரே அலைவெண்ணில் பிற மண்டலங்களோடு இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான்.)

மாநிலங்கள் அளவுக்கு மீறி மின்சாரம் எடுத்தன என்பதே அன்று பெரிதும் பேசப்பட்டது. அது பொய்யன்று. ஆனால் விசாரணைக் குழுவின் அறிக்கையில் அதனினும் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு: இரண்டு நாள்களிலும் மின்தொகுப்பில் பழுது எதுவும் காணப்படவில்லை. பழுதைக் கண்டு தடத்தைத் துண்டிக்க வேண்டிய கருவி, இல்லாத பழுதை எவ்வாறு கண்டது? விடை, பழுதின் இடத்தைக் கணிக்கும் முறையின் வரலாற்றிலேயே பொதிந்துள்ளது.

அம்முறை தந்திக் கம்பியில் பிறந்தது. கடலடிக் கம்பி அறுந்தால் யாரும் நடந்து சென்று பார்க்க இயலாது. சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி 1833இல் விவரித்து, 1843இல் சார்லஸ் வீட்ஸ்டன் பரப்பிய மின்சுற்று அங்கே கைகொடுத்தது. (வீட்ஸ்டன் கிறிஸ்டியின் உரிமையை ஒப்புக்கொண்டார், பெயர் என்னவோ வீட்ஸ்டனுக்கே நிலைத்தது.) ஒரு மைல் கம்பியின் மின்தடை தெரிந்தால், கரையிலிருந்தே பழுது வரையிலான மின்தடையை அளந்து மைல்களாக மாற்றிவிடலாம். கப்பல் நேரே அவ்விடத்துக்குச் செல்லலாம். மின்சாரம் நின்றுபோவதற்கும் மின்னோட்டத்தை எதிர்க்கும் பண்புக்கும் தமிழில் 'மின்தடை' என்ற ஒரே சொல் வழங்குகிறது; இங்கே பொருள் இரண்டாவது.

நீண்ட மின்தடங்கள் வந்தபோது இம்முறை தடுமாறியது. சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு 1902இல் இழுக்கப்பட்ட சுமார் 147 கிலோமீட்டர் தடம், அக்காலத்தில் உலகிலேயே நீளமானவற்றுள் ஒன்று. இத்தகைய வான்வழித் தடத்தில் மின்னல் தாக்கினால் பீங்கான் காப்பியின் மேல் தீப்பொறி பாயும். மின்னோட்டத்தை நிறுத்திய கணமே பொறி அணைந்து, காற்று மீண்டும் காப்புப் பொருளாகிவிடும். பிறகு அளக்க எதுவும் எஞ்சாது. கடலடிக் கம்பியின் காயம் காத்திருக்கும்; வான்வழித் தடத்தின் காயம் காத்திருப்பதில்லை.

ஆகவே பழுது உயிரோடிருக்கும் அந்தச் சில நூறிலொரு நொடிகளுக்குள்ளேயே அளந்தாக வேண்டும். 1920களில் பரவிய தொலைவு ரிலே இதைச் செய்தது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் மின்மறுப்பு, தடத்தின் நீளத்துக்கு நேர்விகிதமானது. 400 கிலோவோல்ட் தடத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.3 ஓம் எனக் கொண்டால், 30 ஓம் என்பது 100 கிலோமீட்டர். எனினும் இக்கருவி தொலைவை அளப்பதில்லை. ஒரு விகிதத்தை அளந்து அதைத் தொலைவென்று வாசிக்கிறது. பெயரிலேயே 'தொலைவு' இருப்பதால் இவ்வேறுபாடு எளிதில் மறக்கப்படுகிறது.

ரிலேவின் பார்வை மண்டலங்களாக வகுக்கப்பட்டிருக்கும். முதல் மண்டலம் தடத்தின் ஏறத்தாழ 80 விழுக்காட்டைக் காத்து உடனே செயல்படும். மூன்றாவது, அண்டைத் தடங்களின் பாதுகாப்பு தவறினால் உதவுவதற்காக வெகுதூரம் நீட்டப்பட்டு, சற்றுத் தாமதித்துச் செயல்படும். ஜூலை 30 அன்று பீனா–குவாலியரின் இணைத்தடம் மேம்பாட்டுப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. எஞ்சிய ஒற்றைத் தடத்தில் மின்னோட்டம் பெருகியது, மின்னழுத்தம் தாழ்ந்தது. வகுத்துப் பார்த்தால் விகிதம் சுருங்கும். சுருங்கிய அவ்விகிதம் மூன்றாம் மண்டலத்துக்குள் விழுந்தது. கடுஞ்சுமையைத் தொலைதூரப் பழுதாக வாசித்த ரிலே, தனக்கு இடப்பட்ட அமைப்பின்படியே தடத்தைத் துண்டித்தது. கருவி கெடவில்லை.

பழுது எழுப்பும் மின்னலைகள் இருமுனைகளையும் அடையும் நேர வேறுபாட்டிலிருந்து இடத்தைக் கணிக்கும் முறைக்கு 1990களில் ஜி.பி.எஸ். துணைநின்றது, ஒரு மைக்ரோநொடிப் பிழை சுமார் 150 மீட்டர் மட்டுமே. ஆனால் அது பழுது நேர்ந்தபின் பணியாளரை எந்தக் கோபுரத்துக்கு அனுப்புவது என்பதற்கான விடை. துண்டிப்பதா வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் பழைய வகுத்தலிடமே இருந்தது. 2012 ஆகஸ்டில் அறிக்கை அளித்த விசாரணைக் குழு, பாதுகாப்பு அமைப்புகளை வெளியார் தணிக்கைக்கு உட்படுத்தவும், மூன்றாம் மண்டலத்தின் அமைப்பு முறையை மறுஆய்வு செய்யவும் பரிந்துரைத்தது.