வந்தாரா, வரலையா?

1966. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜமைக்கா என்று ஒரு பேட்டை. (தீவு வேறு, இது வேறு!) அங்கே மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்றொரு நர்ஸ். கணவர் ஆல்பர்ட், எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். இருவருக்கும் நேரங்கெட்ட நேரத்தில் டூட்டி. தனியாக இருக்கும்போது யாராவது கதவைத் தட்டினால் மேரிக்கு வயிற்றைக் கலக்கும். போலீஸைக் கூப்பிட்டால்? சாவகாசமாக வருவார்கள்.

அம்மணி சும்மா இருக்கவில்லை. நெட்டையோ குட்டையோ, யார் வந்தாலும் தெரியும்படி கதவில் நான்கு துவாரங்கள். பின்னால் மேலும் கீழும் நகரும் கேமரா. உள்ளே டி.வி. இருந்த இடத்திலிருந்தே முகம் பார்க்கலாம், பேசலாம், பட்டனைத் தட்டிக் கதவைத் திறக்கலாம். ஆபத்தென்றால் அலாரம். கணவரோடு சேர்ந்து வாங்கிய பேடன்ட் 1969 டிசம்பரில் கைக்கு வந்தது.

மேரியின் கேள்வி, 'வந்திருப்பது யார்?' அதை மாற்றியவர் ஜேமி சிமினாஃப். காராஜில் வேலை பார்த்த மனிதருக்குக் காலிங்பெல் காதில் விழாது. பார்சல்கள் திரும்பிப் போயின. வைஃபையில் போனோடு பேசும் பெல் செய்தார். 2013ல் 'ஷார்க் டேங்க்' டி.வி. நிகழ்ச்சிக்குப் போய் டீல் இல்லாமல் திரும்பினார். பிறகு 'ரிங்' என்று பெயர் மாறிய அதே கம்பெனியை 2018ல் அமேசான் வாங்கியது. இப்போது கேள்வி, 'வர வேண்டியவர் வந்தாரா?'

இது எங்கே உதைக்கிறது தெரியுமா? புல்தரையில்!

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் முன்னும் பின்னும் புல். கம்பெனிக்குப் பணம் கட்டினால், சீசனில் சில தடவை ஆள் வந்து உரம் தூவுவார், களைக்கொல்லி அடிப்பார். புல் வெட்டினால் பார்த்ததும் தெரியும். உரம் போட்டால்? காலையில் இருந்த அதே பச்சைதான் சாயங்காலமும். கதவுக் கைப்பிடியில் ஒரு சீட்டு, புல்லில் சின்ன அறிவிப்பு அட்டை, அவ்வளவுதான் சாட்சி. அட்டையும் இதற்காக வைத்ததில்லை. மருந்தடித்த இடத்துக்குள் யாரும் போய்விடக் கூடாதென்று, நியூயார்க் மாநிலச் சட்டம் அதை 24 மணி நேரம் வைக்கச் சொல்கிறது. அட்டையைக் குத்திவிட்டு வேனில் ஏறிப் போனால் யாருக்குத் தெரியும்?

சந்தேகம் பழசுதான். இங்கிலாந்தின் டெர்பி நகரில் ஜான் வைட்ஹர்ஸ்ட் 1750 வாக்கில் காவலாளிகளுக்காக ஒரு கடிகாரம் செய்தார். குறித்த நேரத்தில் வந்து ஆணியை அமுக்க வேண்டும். காலையில் அமுங்காத ஆணியைப் பார்த்து முதலாளி பிடித்துவிடுவார். நடுவில் காவலாளி ரோந்து போனாரா, மூலையில் குறட்டை விட்டாரா? ஆணிக்குத் தெரியாது.

கதவுக் கேமராவும் அந்த ஆணி மாதிரிதான். 'மொத்தமே நாலு நிமிஷம்தானே இருந்தீங்க?' என்று வீட்டுக்காரர் கேட்கலாம், காசு கொடுத்தவராச்சே. ஆனால் பல மாடல்கள் அசைவை உணர்வது சுமார் 30 அடிக்குள்தான். தெருவோரமாக உரவண்டி தள்ளுகிறவர் பதிவாகாமலே போகலாம். பக்கவாட்டு கேட் வழியாகக் கொல்லைப்புறம் போய்விட்டால் சுத்தமாக ஆளைக் காணோம். பாட்டரி தீர்ந்தால் அதுவும் போச்சு. வேகாத வெயிலில் முழுத் தோட்டத்தையும் முடித்தவரிடம், 'வீடியோவில் நீ இல்லையே' என்று கூலியில் கை வைத்தால்? பாவம், எதைக் காட்டுவார்!

அதனால்தான் இப்போது வேலைக்காரர் போனிலேயே ஆப் போட்டு, நேரமும் இடமும் பதிவாகிற மாதிரி போட்டோ எடுக்கச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. கொல்லைப்புறம் அதில்தான் தெரிகிறது.