தரங்கம்பாடிக் கோட்டை மைதானம்

கடலில்லா நாடு நம் கொங்கு நாடு. ஆயினும் அது கடலோடு தொடர்பில்லா நாடு அன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்றுறைகளோடு நடந்த வாணிபத்திற்குச் சான்றாக, வெள்ளலூரில் ரோமாபுரிக் காசுகள் மண்ணினின்றும் எடுக்கப்பட்டமை அன்பர்கள் அறிந்ததே. நொய்யற்கரைக் கொடுமணலில் மணிக்கல் இழைத்த தொழிற்கூடங்களின் அடையாளங்களும் அகழ்ந்து காணப்பட்டன. ஆகவே கடற்கரைப் பட்டினங்களின் சரித்திரம் நமக்குப் புறம்பானதன்று. இக்கருத்தினாலேயே, சோழநாட்டுத் தரங்கம்பாடியில் நாம் கண்டவற்றையும், அவற்றால் நம் சமூகத்தார் கொள்ளத்தக்க பயனையும் ஈண்டு எழுத முற்பட்டோம்.

கோயமுத்தூரினின்றும் ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சை மார்க்கமாக மயிலாடுதுறை வரை புகைவண்டியிற் செல்லலாம். அங்கிருந்து தரங்கம்பாடிக்கு முன்னாளில் ஓடிய ரயில் இப்பொழுது இல்லையாதலின், மோட்டார் வண்டியிலேயே செல்லுதல் வேண்டும். ஊரின் எல்லையில் 1792-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற வெள்ளை வாயிலொன்று டென்மார்க்கு அரசரின் முத்திரையோடு நிற்கின்றது. அதனைக் கடந்து இராஜ வீதி வழியே கிழக்கு நோக்கி நடப்போமாயின், வீதி முடியுமிடத்தில் ஒரு விசாலமான மைதானம் காணப்படும். ஒருபுறம் கோட்டை; ஒருபுறம் கவர்னர் வாழ்ந்த மாளிகை; ஒருபுறம் அலைகடல். படைவீரர் அணிவகுத்து நின்ற அவ்விடத்தில் இன்று ஊர்ச்சிறுவர்கள் பந்தாடுகின்றனர்.

இவ்வூர் டேனிஷ்காரர் உண்டாக்கியதன்று. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் ஆலயத்துக் கல்வெட்டு, இதனைச் சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் என்று கூறும். 1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கர், டென்மார்க்கு அரசர் நான்காம் கிறிஸ்தியானின் தூதராய் வந்த ஓவே ஜெட்டே என்பவரோடு உடன்படிக்கை செய்து, கோட்டை கட்டவும் வாணிபம் நடத்தவும் இசைவளித்தார். நாயக்கர் அவ்வரசருக்குத் தமிழில் எழுதுவித்த பொன்னோலையொன்று கோப்பன்ஹேகன் நகரத்து ஆவணக் களரியில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அவ்வுடன்படிக்கையின் பயனாக எழுந்ததே மைதானத்தின் அருகில் நிற்கும் டேன்ஸ்பர்க் கோட்டை.

மிளகும் பருத்தித் துணியும் இத்துறையினின்றும் ஏற்றுமதியாயின. பெருங்கப்பல்கள் கரையை அணுகுதல் இயலாமையின் அவை ஆழமான நீரில் நங்கூரமிட்டு நிற்க, நம் நாட்டுப் படகோட்டிகளே அலையைக் கிழித்துச் சென்று சரக்கையும் மனிதரையும் ஏற்றி இறக்கினர். கவர்னர்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. கல்லறைகளிலும் டேனிஷ்காரர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அத்துணியை நெய்தவர் யாவர்? அப்படகைச் செலுத்தியவர் யாவர்? மைதானத்தைச் சுற்றி வந்து பார்த்தோம். அவர்களுள் ஒருவர் பெயரேனும் அங்கே எழுதப்பட்டிருக்கக் கண்டோமில்லை. தறியோடும் ஏரோடும் வாழ்ந்த மரபினராகிய நமக்கு இது சிந்திக்கத்தக்கதோர் காட்சியாயிற்று.

1706-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இரு ஜெர்மானியப் பாதிரிமார் இக்கரையில் இறங்கினர். சீகன்பால்கு தமிழ் கற்று, தமிழ் ஏடுகளை விலை கொடுத்தும் படியெடுத்தும் சேர்த்தார். 1708-ஆம் ஆண்டிலேயே நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஓர் அட்டவணை எழுதினார். பெண்மக்களுக்கும் பள்ளி ஏற்படுத்தினார். அச்சுக்கூடம் நிறுவப்பட்டு, 1715-ஆம் ஆண்டில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. ஜெர்மனியினின்றும் வந்த தமிழெழுத்துக்கள் பெரியனவாயிருந்து காகிதத்தை மிகுதியாக உட்கொண்டமையால், சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டனர். அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தனர். அவர் சமயம் வேறு. நம் சமயம் வேறு. ஆயினும் ஏட்டைத் தேடிக் காத்தலும் எழுத்தை அச்சேற்றுதலும் எவர் செய்யினும் போற்றத்தக்கனவே.

பின்னர் நேர்ந்தது யாதெனில், வாணிபம் குன்றவே, 1845-ஆம் ஆண்டில் டென்மார்க்கு அரசர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்து ஆங்கிலக் கம்பெனியாருக்கு 12½ இலட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார். வீடும் வீதியும் ஆலயமும் அவற்றுள் வாழும் குடிகளுமாக ஓர் ஊர் கைமாறியது. குடிகளைக் கேட்டு நடந்த விற்பனையன்று அது. சிலகாலம் தஞ்சை ஜில்லாக் கலெக்டரின் தலைமையிடமாக விளங்கிய பெருமையும் 1860-இல் தஞ்சாவூருக்குப் போயிற்று. அதனையொட்டி நாகப்பட்டினத்திலிருந்து இருப்புப்பாதை புறப்பட்டுத் தஞ்சை, திருச்சி வழியே 1868-இல் நமது ஈரோட்டை அடைந்தது. அப்பாதை பெற்ற ஊர்கள் வளர்ந்தன. பெறாத தரங்கம்பாடி ஒடுங்கிற்று. ஊர்களின் வாழ்வும் தாழ்வும் கோட்டைச் சுவரால் அன்று, வழியாலும் வாணிபத்தாலும் ஆகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ!

கடலும் தன் பங்கிற்குக் கொண்டது. மாசிலாமணிநாதர் ஆலயத்தின் முற்பகுதியைப் பல ஆண்டுகளாக அலைகள் அரித்து விழுங்கின. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையில் மீனவக் குடும்பங்கள் பலவற்றைப் பாழாக்கியது. அதன்பின்னர் பழைய மாளிகைகள் சில செப்பனிடப்பட்டு, கவர்னர் மாளிகையும் புதுப்பொலிவு பெற்றுள்ளது. கோட்டையினுள் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் காட்சிச்சாலை இருக்கின்றது.

அன்பர்களே! ஒரு சிற்றூரின் சரித்திரத்தை ஆண்டு பிசகாது நாம் இன்று சொல்ல இயலுவதன் காரணம் யாது? டேனிஷ்காரர் தம் கணக்கையும் கடிதத்தையும் எறியாது காத்தனர், அவ்வளவே. நம் கொங்கு நாட்டில் காணிப் பட்டயங்களும், செப்பேடுகளும், ஓலைச்சுவடிகளும், தாத்தாமார் எழுதிய வரவு செலவுக் குறிப்புகளும் இல்லாமலில்லை. பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டும்போது செப்பேடு பாத்திரக்கடைக்குச் செல்கின்றது. ஓலை அடுப்பிற்குச் செல்கின்றது. அவை போயினபின், நம் முன்னோர் இன்ன ஊரில் இன்னது செய்தனர் என்று நாம் எவ்வளவு உரக்கக் கூறினும் கேட்போர் நம்பார். நம்பவேண்டும் என்னும் நியாயமும் இல்லை. சான்றில்லாப் பெருமை கடலோர மணல்வீடு போன்றதே.

ஆதலின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் இல்லத்துப் பரணையும் பெட்டியையும் இந்த ஆண்டிற்குள் ஒருமுறை சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளனர். கிடைத்தவற்றைச் சங்கத்திற்குக் கொடுத்துவிட வேண்டுவதில்லை; நிழற்படம் எடுத்து ஒரு பிரதி அனுப்பினாற் போதும். மூத்த தாய்மார்களுக்கு நினைவிலுள்ள ஊர்ப்பெயர்களையும், பழைய சேலைக்கரைகளின் பெயர்களையும் வீட்டிலுள்ள படித்த பெண்மக்கள் எழுதிவைப்பாராக. தரங்கம்பாடிக்குச் செல்லும் அன்பர்கள் குழந்தைகளையும் உடனழைத்துச் சென்று, அம்மைதானத்தில் நிறுத்தி, எழுதப்பட்ட பெயர்களைக் காட்டுவதோடு எழுதப்படாத பெயர்களைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லுவார்களாக.