மலையேறி வந்த ஈயம்

மலை ஊரான செம்மேட்டில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எல்லாரும் பொதுவாக ஈயம் என்று சொல்வதில் மூன்று வகை, மூன்று தொழிலாளிகள் கையில் இந்த மலைக்கு ஏறியிருக்கிறது.

மூத்தது பாத்திரத்துக்குப் பூசுவது. ஈயம் பூசுபவர் வாசலில் குழி தோண்டி, துருத்தி ஊதிக் கரி மூட்டி, பித்தளை அண்டாவைச் சுடவைப்பார். நவச்சாரம் தூவி, வெள்ளீயக் குச்சியைத் தொட்டுப் பஞ்சால் தேய்த்தால் உள்பக்கம் பளபளவென்று வெளுக்கும். இதற்குச் சுத்த வெள்ளீயம்தான் வேண்டும். நம் நாட்டில் அதன் தாது பஸ்தர் பக்கம் கொஞ்சம் கிடைப்பதோடு சரி. மலாயாவில் தோண்டி, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உருக்கிய ஈயம் உலகெங்கும் கப்பலேறியது. விலை அதிகம். அதனால் மலிவான காரீயத்தைக் கலக்கும் ஆசை சிலருக்கு வரும். புளிக்குழம்பு கொதிக்கும் பாத்திரத்தில் காரீயம் கரைந்து இறங்கும். பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். விவரமான பாட்டிமார் குச்சியைக் காதருகே வளைத்துப் பார்ப்பார்கள். வெள்ளீயம் நறநறக்கும். காரீயம் சத்தமில்லாமல் மடங்கும். தாளில் தேய்த்தால் கறுப்பாகக் கோடு விழும்.

அடுத்தது தகர வேலைக்காரருடையது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் சிம்னி விளக்கும் புனலும் செய்தவர் அவர். வெள்ளீயமும் காரீயமும் பாதிக்குப் பாதி. 183 டிகிரி முதல் ஏறத்தாழ 215 வரை இது கூழாகவே நிற்கும். சூட்டுக்கோலால் இழுத்து மூட்டை நிரப்ப அந்த அவகாசம் வேண்டும். தகரத்தைச் சுத்தம் செய்யத் துத்தநாகத் துண்டு போட்டுக் கரைத்த ஆசிட்.

மூன்றாவது என்னுடையது. திருச்சி வானொலி 1939-இல் தொடங்கியது. ஆனால் மின்சாரம் எட்டாத மலை ஊர்களில் பாட்டுக் கேட்டது பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் வந்த பிறகே. அதோடு வந்தது என் ஈயக் கம்பி. தனியாக உருக்கினால் வெள்ளீயத்துக்கு 232 டிகிரி, காரீயத்துக்கு 327 வேண்டும். 63-க்கு 37 என்று சேர்த்தால் இரண்டும் 183-லேயே உருகி, கூழாகாமல் சட்டென்று இறுகுகின்றன. என்ன அருமையான கணக்கு! சூடு தாங்காத டிரான்சிஸ்டர் கால்களுக்கு இதுதான் காப்பு. 60-க்கு 40 கம்பியும் கிட்டத்தட்ட அப்படியே. கம்பிக்குள்ளேயே பிசின் இருக்கும். தகரக்காரர் ஆசிட்டை ரேடியோவில் தொட்டவர்களின் வேலையைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்: இந்த மலையின் ஈரத்தில் செம்புக் கம்பி பச்சை பூத்து அற்றிருக்கும்.

2006 ஜூலையில் ஐரோப்பா மின்னணுப் பொருள்களில் காரீயத்தைத் தடுத்தது. அதன்பின் வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும் கலந்த கம்பி பரவியது. உருக 217 டிகிரி வேண்டும். ஆறினால் மங்கலாகத் தெரியும், பழைய கண்ணுக்குக் கெட்ட பற்றாகத் தோன்றும்.

ஈயம் பூசுபவர் இப்போது மலையேறுவதில்லை. அதனால் பித்தளைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறார்கள். “தம்பி, உன்கிட்ட இருக்கிற ஈயத்தையே பூசிக் குடேன்.” நான் வைத்திருக்கும் 60-க்கு 40 கம்பியில் நூற்றுக்கு நாற்பது காரீயம். “வேண்டாம் ஆத்தா, பூசுற ஆள் கிடைக்கிற வரைக்கும் இதுல புளி கரைக்காதீங்க” என்று சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.