வன்னிச் சேறும் லாண்ட் றோவரும்

இங்கிலாந்தின் சொலிஹல் தொழிற்சாலையிலிருந்து 2016 ஆம் ஆண்டு ஜனவரி 29 ஆம் திகதி கடைசி லாண்ட் றோவர் டிபென்டர் வெளியே வந்தது. 1948 இல் தொடங்கிய அந்தப் பரம்பரையில் அதுவரை செய்யப்பட்ட வண்டிகள் 20 இலட்சத்துக்கும் அதிகம். மூன்றரை ஆண்டுகளின் பின்னர், 2019 செப்டெம்பரில், ஜேர்மனியின் பிராங்பேர்ட் கண்காட்சியில் அதே பெயரோடு புதிய வண்டியொன்றை அந்நிறுவனம் அறிமுகப்படுத்தியது. பெயர் மட்டுமே பழையது. பழைய வண்டியைத் தாங்கிநின்ற ஏணி வடிவ இரும்புச் சட்டகம் புதியதில் இல்லை. உடலும் சட்டகமும் ஒன்றான அலுமினியக் கூடு அதன் இடத்தில் வந்தது. முன்னும் பின்னும் இருந்த முழு அச்சுகள் நீங்கி, ஒவ்வொரு சில்லும் தனித்து அசையும் அமைப்பு வந்தது. கைப்பிடிகள் செய்த வேலையைக் கணினியும் தொடுதிரையும் ஏற்றுக்கொண்டன. தயாரிப்பும் சிலோவாக்கியாவின் நித்ரா நகருக்குப் போனது.

உலகெங்குமுள்ள லாண்ட் றோவர் அபிமானிகள் இதனால் இரண்டுபட்டார்கள். பெட்டி போன்ற அந்த முகத்தை அழித்துவிட்டார்கள் என்று ஒரு சாரார் குமுறினர். பழையது 500 மில்லிமீற்றர் ஆழமான நீரைக் கடந்ததென்றால் புதியது 900 மில்லிமீற்றர் ஆழத்தைக் கடக்கிறது, பயணிகளின் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றிருக்கிறது, பிறகென்ன குறை என்று மறு சாரார் கேட்டனர். பெரும்பாலானோர் இரண்டுக்கும் நடுவில் நின்றனர். நல்ல வண்டிதான், ஆனால் எங்களுடைய வண்டி இல்லை என்பதே அவர்களின் மனநிலை.

இந்த விவாதத்தில் வன்னிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். புதிய டிபென்டர் வாங்குவோர் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வரிசையில் நிற்கவில்லை என்பது உண்மையே. 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதியே இலங்கையில் நிறுத்தப்பட்டிருந்தது. ஆயினும், ஒரு வண்டி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு வன்னி மண்ணிடம் ஒரு பதில் உண்டு. அந்தப் பதில் வேறெங்கும் இவ்வளவு விலைகொடுத்துப் பெறப்படவில்லை என்பது என் எண்ணம்.

போர் விட்டுச்சென்ற வடிவம்

முதலில் வண்டியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனமும் போர்ட் நிறுவனமும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்தபோது அவை உலகின் மூலை முடுக்கெல்லாம் எஞ்சி நின்றன. நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944 முதல் கண்டியில் இயங்கியதால் இலங்கையரும் அந்த வண்டியை நெருக்கமாகக் கண்டனர். இன்றும் நம்மவர் நான்கு சில்லும் இழுக்கும் எந்த வண்டியையும் 'ஜீப்' என்றே அழைப்பது அக்கால எச்சம். லாண்ட் றோவரும் வன்னியில் 'ஜீப்'தான்.

இங்கிலாந்தின் றோவர் நிறுவனப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ், வேல்சிலிருந்த தம் பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை வைத்திருந்தார். அது பழுதாகிவிட்டால் அதற்குப் பதிலாக என்ன வாங்குவது என்ற எண்ணத்தில் பிறந்ததே லாண்ட் றோவர். 1948 ஏப்ரல் 30 ஆம் திகதி அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அது அறிமுகமாயிற்று. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு. எனவே உடலுக்கு அலுமினியக் கலவைத் தகடு பயன்பட்டது. பெரும் அச்சு இயந்திரங்கள் இல்லாமல் தகட்டை எளிதாக மடிக்கத்தக்கவாறு தட்டையான பக்கங்களும் நேர்கோடுகளும் அமைந்தன. இன்று அழகென்று கொண்டாடப்படும் அந்தப் பெட்டி வடிவம் பற்றாக்குறையின் பிள்ளை.

அந்த வடிவமும் ஒரேயடியாக நிலைத்து நின்றதன்று. 1958 இலும் 1971 இலும் புதிய வரிசைகள் வந்தன. முகப்பின் நடுவே இருந்த விளக்குகள் அறுபதுகளின் இறுதியில் பக்கங்களுக்கு நகர்ந்தன. 1983 இல் வில் தகடுகளுக்குப் பதிலாகச் சுருள் வில்கள் வந்தன. 'டிபென்டர்' என்ற பெயரே 1990 இல்தான் சூட்டப்பட்டது. அபிமானிகள் தூய பழமை என்று போற்றுவது பல திருத்தங்களின் தொகுப்பு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

காரியாதிகாரியின் ஜீப்

எழுபதுகளின் நடுப்பகுதியில் இளம் செய்தியாளனாக நான் வன்னிக்குப் போகத் தொடங்கினேன். கண்டி வீதியை விட்டு மாங்குளத்திலோ பரந்தனிலோ கிழக்கே திரும்பினால் தார் வீதி ஒற்றைப் பட்டையாகக் குறுகும். கிளைப் பாதைகளில் மாரிக்குத் தாரும் இல்லை, பாதையும் இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வன்னியின் மண் வண்டிலின் சில்லைப் பாதிவரை விழுங்கும். குளங்கள் வான் பாய்ந்தால் ஊர்கள் தீவுகளாகும்.

அப்பாதைகளில் அரசாங்கம் என்பது ஒரு ஜீப்பின் வடிவில்தான் வந்தது. காரியாதிகாரியும் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளரும் நில அளவையாளரும் மலேரியாத் தடுப்பு இயக்கத்தாரும் அதில் வந்தனர். பிரசவ வேதனையில் துடித்த பெண்களை முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றதும் பல வேளைகளில் அதே ஜீப்தான். முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டத்தைப் பார்க்கப் போனபோது, ஒட்டுசுட்டானுக்கு அப்பால் நாங்கள் சென்ற லாண்ட் றோவர் சேற்றில் புதைந்தது. சாரதி கீழே இறங்கி, ஒரு சிவப்புக் கைப்பிடியை இழுத்துவிட்டு, மரக்கிளைகளை வெட்டிச் சில்லுகளின் கீழ் அடுக்கினார். வண்டி ஏறியது. அரை மைல் போனதும் புகைபோக்கி கழன்று தொங்கியது. வேலிக் கம்பியொன்றை முறுக்கி அதைக் கட்டினார். அக்கம்பி அடுத்த மூன்று நாளும் தாக்குப்பிடித்தது. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்த வண்டியின் ஒவ்வொரு மரையாணியும் அவருக்கு மனப்பாடம்.

பழைய வண்டியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மழை பெய்தால் உள்ளே ஒழுகும். கோடையில் இயந்திரச் சூடு காலைச் சுடும். பின்னால் பக்கவாட்டு ஆசனத்தில் இருந்து முப்பது மைல் போனவரின் முதுகு ஒரு வாரம் பேசும். அதில் பயணித்தவர் எவரும் அதைச் சுகமான வண்டி என்று சொல்லமாட்டார்.

பச்சை வண்டியும் வெள்ளை வண்டியும்

எண்பதுகளில் அதே உருவத்துக்குப் பொருள் மாறியது. இலங்கை இராணுவத்தின் பாவனையிலும் லாண்ட் றோவர்கள் இருந்தன. ஒரு காலத்தில் ஜீப்பின் ஓசை கேட்டு வீதிக்கு ஓடிவந்த பிள்ளைகள், அதே ஓசை கேட்டுக் காட்டுக்குள் ஓடினார்கள். பெட்டி முகமும் பச்சை நிறமும் மேற்குலகில் பண்ணையையும் வனவாழ்வையும் நினைவூட்டுகின்றன. நம்மவரில் ஒரு தலைமுறைக்கு அவை சுற்றிவளைப்பை நினைவூட்டுகின்றன. இலண்டனில் வாழும் ஈழத்தமிழர் ஒருவர், அயல்வீட்டுக்காரர் ஆசையோடு புதுப்பித்து நிறுத்திய பச்சை லாண்ட் றோவரை முதல் நாள் கண்டபோது தம் கை நடுங்கியதாக என்னிடம் சொன்னார். அயல்வீட்டுக்காரரின் ஆசையும் உண்மை, இவருடைய நடுக்கமும் உண்மை.

பிற்காலத்தில் வெள்ளை வண்டிகள் வந்தன. ஐக்கிய நாடுகள் சபையினதும் தொண்டு நிறுவனங்களினதும் ரொயோட்டா லாண்ட் குறூசர்கள் அவை. அவற்றின் வெண்மை வன்னி மக்களுக்கு ஒரு காவல் போலிருந்தது. 2008 செப்டெம்பரில் அரசாங்கத்தின் உத்தரவின்பேரில் அவை கிளிநொச்சியை விட்டு வெளியேறின. போகவேண்டாம் என்று மக்கள் ஐ.நா. அலுவலக வாசலில் திரண்டு மன்றாடினர். வண்டிகள் போயின. பின்னர் நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். 2009 மே மாதத்தின் பின், முள்ளிவாய்க்கால் பகுதியில் எரிந்தும் துருப்பிடித்தும் குவிந்து கிடந்த உழவு இயந்திரங்கள், மோட்டார் சைக்கிள்கள், சைக்கிள்கள், பார ஊர்திகளின் படங்கள் உலகெங்கும் சென்றன. ஒரு மக்கள் கூட்டம் தன்னிடமிருந்த சில்லுகள் அத்தனையிலும் ஏறி எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போயிருந்ததற்கு அக்குவியலே சாட்சி.

மண்ணெண்ணெய்க் காலம்

இந்த இரு காலங்களுக்கும் இடையில், தொண்ணூறுகளில், வன்னி கற்ற பாடமே என் கட்டுரைக்கு மையம். 1990 முதல் வடக்கு மீது பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, மின்கலம் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்துக் கராச் தொழிலாளர் பலரும் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். மரநிழலில், கிடுகுக் கொட்டிலில், வாகனத் தொழில் மீண்டும் முளைத்தது.

அவர்கள் பெற்றோல் இயந்திரங்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். முறை இதுதான்: சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பிப்பது, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சூடு முக்கியம். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களே இதற்கு வளைந்துகொடுத்தன. ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்களும் பழைய ஜீப்புகளும் பழைய மோட்டார் சைக்கிள்களும் இவ்வாறே ஓடின. பின்னால் வெண்புகை கக்கும், வாசனை கண்ணைக் கரிக்கும், இயந்திரம் விரைவில் தேயும். ஆனாலும் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். இந்த வித்தையை எந்தத் தொழிற்சாலையின் கைநூலும் சொல்லித்தரவில்லை. இயந்திரம் திறந்த புத்தகமாக இருந்ததால் வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்தார்கள்.

ஏ-9 பாதை 2002 இல் திறந்தபின் கிளிநொச்சியில் ஒரு கராச்சுக்குப் போனேன். முதியவர் ஒருவர் ஜப்பானில் செய்த புதிய வண்டியொன்றின் முன் நின்றார். முகப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். இதற்குள் கைபோக இடமில்லை தம்பி, என்றார். மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டிய கை அது.

அபிமானிகள் எங்கே சரி, எங்கே பிழை

புதிய டிபென்டரைப் பற்றிய புலம்பலில் பெரும்பகுதி முகத்தைப் பற்றியது. அந்தத் துக்கத்தில் எனக்குப் பங்கில்லை. வன்னியில் மாட்டு வண்டிலின் மரச்சில்லு போய் ரயர் வந்தபோது எவரும் சங்கம் அமைத்து அழவில்லை. மாட்டுக்கு இழுவை குறைந்தது என்று மகிழ்ந்தார்கள். பழைய டிபென்டரில் காற்றுப்பையும் கிடையாது. பாதுகாப்பும் புகைக் கட்டுப்பாடும் உயிர்களைக் காக்கும்போது, வடிவம் மாறத்தான் வேண்டும்.

முகத்தைப் பற்றிய ஏக்கம் நல்ல வணிகமாகவும் ஆகிவிட்டது. அந்நிறுவனமே 2018 இல் பழைய டிபென்டர்களை வாங்கி, பெரிய இயந்திரம் பூட்டி, 150 வண்டிகளை மட்டும் பெரும் விலைக்கு விற்றது. பிரித்தானியச் செல்வந்தர் ஜிம் ரட்கிளிஃப், பழைய வடிவின் சாயலில் ஏணிச் சட்டகத்தோடு கிரனேடியர் என்ற வண்டியைச் செய்ய முன்வந்தார். அந்தப் பழைய வடிவைத் தன் வர்த்தக அடையாளமாகப் பதிய லாண்ட் றோவர் நிறுவனம் எடுத்த முயற்சியை 2020 இல் இலண்டன் உயர் நீதிமன்றம் நிராகரித்தது. கிரனேடியர் 2022 முதல் பிரான்சில் உற்பத்தியாகிறது. அதுவும் செல்வந்தரின் வாகனமே. 2008 முதல் லாண்ட் றோவரின் உரிமையாளர் இந்தியாவின் டாட்டா நிறுவனம் என்பதால் நம் பக்கத்து ஏழைக்கு அது நெருங்கிவந்ததும் இல்லை.

ஆனால் அபிமானிகளின் முறைப்பாட்டில் இன்னொரு பகுதி உண்டு. வழியில் நின்றால் நானே திருத்த முடியாது என்பது அது. இங்கே அவர்கள் முற்றிலும் சரி. இது லாண்ட் றோவருக்கு மட்டும் வந்த வியாதியன்று. அமெரிக்க விவசாயிகள் தங்கள் சொந்த உழவு இயந்திரத்தைத் தாங்களே திருத்தும் உரிமைக்காகப் போராட நேர்ந்தது. கொலராடோ மாநிலம் 2023 இல் அதற்கெனச் சட்டமே இயற்றியது. விலைகொடுத்து வாங்கியவனுக்கு அதைத் திறந்து பார்க்கும் உரிமையைச் சட்டம் வழங்கவேண்டிய காலத்தில் வாழ்கிறோம்.

பாதுகாப்பும் திருத்தும் வசதியும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நான் நம்பவில்லை. காற்றுப்பையுள்ள வண்டிக்கும் பழுதுகாணும் கருவியும் கைநூலும் உதிரிப்பாகமும் கிளிநொச்சிக் கராச்சுக்குக் கிடைக்கச் செய்யலாம். செய்யாதது வணிகத் தீர்மானம். பொறியியலின் கட்டாயம் அன்று. 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. தட்டுப்பாடு போருக்கு மட்டும் உரியதில்லை என்று அப்போது தென்னிலங்கையும் கண்டுகொண்டது. அடுத்த தட்டுப்பாடு வரும்போது வீதியில் ஓடும் வண்டிகளில் எத்தனையை நம் கையால் உயிர்ப்பிக்க முடியும் என்பதே எண்ணிப்பார்க்க வேண்டியது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. இங்கிலாந்தில் 1948 இன் லாண்ட் றோவருக்கு எத்தனை மரையாணி என்பது வரை எழுதிவைத்திருக்கிறார்கள். தடைக்காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இயந்திரங்களை ஓடவைத்தவர்களின் அறிவை நாம் எழுதிவைக்கவில்லை. எந்த இயந்திரத்தில் எதைக் கழற்றினார்கள், எதை வார்த்தார்கள், எதற்குப் பதிலாக எது பொருந்தியது என்பதெல்லாம் அவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்களுள் பலர் இன்று எழுபதைக் கடந்தவர்கள். சிலர் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படியொருவர் இருந்தால், இந்த வார இறுதியில் ஒரு கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவர் அருகில் உட்காருங்கள்.