லிசா ஸ்டான்ஸ்ஃபீல்ட்

லிசா ஸ்டான்ஸ்ஃபீல்ட் (பிறப்பு: 11 ஏப்ரல் 1966) இங்கிலாந்தைச் சேர்ந்த பாடகி, பாடலாசிரியர், நடிகை. சோல் இசையிலும் நடன இசையிலும் பெயர் பெற்றவர். ஒரு காலத்தில் பஞ்சாலைகளால் வாழ்ந்த ராச்டேல் வட்டாரத்தில் வளர்ந்தார். பழைய நாள் பாடகி கிரேசி ஃபீல்ட்ஸும் அந்த ஊர்க்காரரே. தாயார் விரும்பிக் கேட்ட, அமெரிக்க சோல் இசை நிறுவனமான மோடவுனின் இசைத்தட்டுகள்தான் லிசாவுக்கு முதல் பாடம்.

பதின்வயதில் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் வென்றார். 'ராஸ்மடாஸ்' என்ற இசை நிகழ்ச்சியின் தொகுப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தார். அப்போது வந்த அவரது இசைத்தட்டுகள் எடுபடவில்லை. 1984இல் பள்ளிக் காலத்து நண்பர்கள் இயன் டெவானி, ஆண்டி மோரிஸ் ஆகியோருடன் 'புளூ ஸோன்' குழுவைத் தொடங்கினார். அதற்கும் பெரிய வரவேற்பு இல்லை.

திருப்பம் நடனக் கூடங்களிலிருந்து வந்தது. லண்டன் டி.ஜே. இரட்டையரான கோல்ட்கட், 1989இல் 'பீப்பிள் ஹோல்ட் ஆன்' பாடலுக்கு லிசாவைப் பாடவைத்தனர். அது பிரித்தானியத் தரவரிசையில் 11ஆம் இடம் பிடித்தது. அதே ஆண்டு இறுதியில் 'ஆல் அரவுண்ட் தி வேர்ல்ட்' முதலிடம் பிடித்தது. டெவானி, மோரிஸ் இருவருடனும் சேர்ந்து அவர் எழுதிய இப்பாடல் பேச்சில் தொடங்கிப் பாட்டுக்குள் நழுவுகிறது. பின்னால் வயலின்கள் விரிகின்றன. அமெரிக்க சோல் பாடகர் பாரி வைட்டின் பாணி இது. அதை மறைக்க அவர்கள் முயலவே இல்லை. பின்னர் பாரி வைட்டே லிசாவுடன் சேர்ந்து இதைப் பாடிப் பதிவுசெய்தார். பிரிந்துபோன காதலனைத் தேடியலையும் பெண்ணின் புலம்பல்தான் பாட்டு. ஆனால் அவள் அவனைக் குறைசொல்வதில்லை. பொய் சொன்னது தானே என்று ஒப்புக்கொள்கிறாள். பாட்டு இன்றும் பழசாகாமல் இருப்பதற்கு இந்த ஒப்புதல்தான் காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் இப்பாடல் பொதுப் பட்டியலில் 3ஆம் இடத்தையும், கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடத்தையும் எட்டியது. ராச்டேல் வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இந்த இரண்டாவது பட்டியல்தான் உண்மையான பரீட்சை. 'யூ காண்ட் டினை இட்', 'ஆல் உமன்' பாடல்களும் அதே பட்டியலில் முதலிடம் பெற்றதால், முதல் வெற்றியை அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாமல் போயிற்று. 'அஃபெக்‌ஷன்' (1989), 'ரியல் லவ்' (1991) ஆகியவை இக்கால ஆல்பங்கள். பிரிட் விருதுகளில் சிறந்த பிரித்தானியப் பாடகியாக 1991, 1992 ஆண்டுகளில் தேர்வானார்.

1992 ஏப்ரல் 20 அன்று வெம்ப்ளி அரங்கில், குயின் குழுவின் மறைந்த பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் நினைவுக் கச்சேரி நடந்தது. லிசா தலையில் முடிச்சுருட்டிகளுடன், தரை துடைக்கும் வாக்குவம் கிளீனரைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்தார். குயின் குழுவின் பழைய வீடியோவில் மெர்க்குரி போட்ட இல்லத்தரசி வேடத்தின் நகல் அது. பிறகு அதே மேடையில் பாடகர் ஜார்ஜ் மைக்கேலுடன் அவர் பாடிய பாடல் 1993இல் 'ஃபைவ் லைவ்' இசைத்தட்டில் வெளியாகி முதலிடம் பெற்றது.

1997இல் ஒரு வேடிக்கை நடந்தது. எட்டு ஆண்டு பழைய 'பீப்பிள் ஹோல்ட் ஆன்' குரலை எடுத்து, 'டர்ட்டி ராட்டன் ஸ்கௌண்ட்ரல்ஸ்' குழுவினர் புதுத் தாளத்தில் பொருத்தினர். அந்த ரீமிக்ஸ் 4ஆம் இடம் பிடித்து மூலப் பாட்டையே மிஞ்சியது.

1998இல் டெவானியை மணந்தார். அடுத்த ஆண்டு 'ஸ்விங்' படத்தில் நடித்தார். ட்ரெவர் ஹார்ன் தயாரித்த 'தி மொமன்ட்' (2004) ஆல்பத்துக்குப் பின் பத்தாண்டு இடைவெளி விழுந்தது. 'செவன்' (2014), 'டீப்பர்' (2018) ஆகியவற்றில் மறுபடியும் டெவானியுடன் பழைய சோல் பாணிக்கே திரும்பினார்.