மூவாயிரம் பேரும் ஒரு சட்டிப்பானை வியாபாரியும்

மணியாச்சி ஜங்ஷன்ல வண்டி மாறுறதுக்காக உக்காந்திருந்தா, சுத்தியும் கரிசக்காடும் உடைமுள்ளுந்தான். பெயர்ப்பலகையில 'வாஞ்சி மணியாச்சி'ன்னு இருக்கும். வாஞ்சிநாதன் கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 1911 ஜூன் 17. கலெக்டர் ஆஷ் மனைவியோட கொடைக்கானலுக்குக் கிளம்பி, முதல் வகுப்புப் பெட்டியில காத்திருந்தார். வாஞ்சி ஏறிச் சுட்டார். பிறகு கழிப்பறைக்குள்ள ஓடித் தன்னையும் சுட்டுக்கிட்டார்.

எனக்கு அதுக்கப்புறம் நடந்ததுலதான் நாட்டம்.

வாஞ்சி சட்டைப்பையில ஒரு கடிதம் இருந்துச்சு. அஞ்சு நாளில் முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜைக் கொல்ல மூவாயிரம் பேர் சபதம் எடுத்திருக்கிறதா எழுதியிருந்தார். (அதுல சனாதனம், மிலேச்சன்னு வர்ற வரிகள் எனக்கு ஒப்பாது. அதையும் மறைக்காமச் சொல்லணும்.) போலீஸ் அந்த மூவாயிரம் பேரைத் தேடிப் புறப்பட்டது. வீடு வீடாச் சோதனை. தேடப்பட்டவங்கள்ல ரெண்டு பேர் தற்கொலை செய்துகிட்டாங்க. கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் மூணு நீதிபதிகள் முன்னால நின்னது பதினாலே பேர்!

அவங்க யாருன்னு பாருங்க. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி. ஊர் ஊராய்ச் சுத்தி ரகசியச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தவர். அடுத்து வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணன், விவசாயி. அப்புறம் மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை, காய்கறி வியாபாரி. முத்துக்குமாரசாமி பிள்ளை, சட்டிப்பானை விக்கிறவர். இன்னும் ரெண்டு வியாபாரிகள், மூணு சமையல்காரங்க, வக்கீல் குமாஸ்தா ஒருத்தர், வாத்தியார் ஒருத்தர், எங்களை மாதிரி சம்சாரிகள். பேரரசுக்கு எதிரா யுத்தம் செய்யச் சதி பண்ணினாங்கன்னு குற்றச்சாட்டு.

கத்தரிக்காய் நிறுக்கிறவருக்கு என்ன யுத்தம்னு தோணும். இங்க ஒரு கடைத் திண்ணையில கால் மணி நேரம் உக்காந்து பாருங்க, புரியும். நம்மூர்ல நியூஸ் சந்தை வழியாத்தான் வரும். 1906ல வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சார். மூலதனம் பத்து லட்சம், ஒரு பங்கு இருபத்தஞ்சு ரூபாய். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கிச்சு. 1908ல வ.உ.சி.க்கு ராஜத்துரோக வழக்கில் இரட்டை ஆயுள் தண்டனை. அப்பீல்லதான் அது குறைஞ்சது. அப்போ தூத்துக்குடியில அதிகாரியா இருந்தவர் இதே ஆஷ். ஒரு வியாபாரியைக் கப்பலோட சேர்த்து முழுக்கடிச்சா, பக்கத்துக் கடைக்காரன் சும்மா வேடிக்கையா பார்த்துக்கிட்டிருப்பான்?

அதுக்காக எல்லாரும் அப்பாவிகள்னும் சொல்ல மாட்டேன். காளி படத்துக்கு முன்னால, குங்குமம் கரைச்ச தண்ணியை வெள்ளையன் ரத்தம்னு குடிச்சு சத்தியம் பண்ணினாங்கன்னு அப்ரூவராக மாறினவங்க சாட்சி சொன்னாங்க. அந்தச் சாட்சியை எவ்வளவு தூரம் நம்புறதுங்கிறதுதான் வழக்கே. தன் கழுத்தைக் காப்பாத்த நினைக்கிறவன் கூட ரெண்டு பேரைச் சேர்த்துச் சொல்லுவான். வாய்க்கா வரப்புத் தகராறுலயே அதைப் பார்த்திருக்கோம்.

1912ல தீர்ப்பு. நீலகண்டருக்கு ஏழு வருஷம், சங்கரகிருஷ்ணனுக்கு நாலு. சிலருக்கு அதைவிடக் குறைவு, சிலர் விடுதலை. மூவாயிரம் பேர் கடைசிவரை அகப்படவேயில்லை.

தூத்துக்குடி பாசஞ்சர் வந்துருச்சு. பானைக்காரர் பேர் எந்தப் பலகையிலயும் இல்ல. அதான் இங்கே எழுதி வச்சேன்: முத்துக்குமாரசாமி பிள்ளை.